ஒரு நிமிஷம் பேச நாலரைக் கிலோ நெல்: உங்க போன்ல உண்மையிலேயே காஸ்ட்லி எது?



ரீசார்ஜ் பேக் இருபது ரூபாய் ஏறினா நமக்குக் கோபம் வருது. ஆபீஸ் கேன்டீன்ல அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுறோம். ஆனா அதே வாரம் 60,000 ரூபாய் போனை மாசம் 5,000 ரூபாய் இஎம்ஐ-ல வாங்கும்போது, "நோ காஸ்ட் தானே"ன்னு ரெண்டே நிமிஷத்துல ஓடிபி போட்டு முடிச்சிடுறோம். இருபது ரூபாய்க்கு வந்த கணக்குப் பார்க்கிற புத்தி, அறுபதாயிரத்துக்கு ஏன் வரலை?

காரணம் பழக்கம். செல்போன் வந்த புதுசுல எது காஸ்ட்லியோ அதை எண்ணி எண்ணிச் செலவு பண்ணின வீடுகள்ல நாம வளர்ந்தோம். இன்னிக்கு காஸ்ட்லியான விஷயம் வேற. எண்ணுற பழக்கம் மட்டும் பழைய இடத்துலயே நிக்குது. இந்தக் கட்டுரையில அதைத்தான் சரிபண்ணப் போறோம்.

1995-ல இருந்த ரூபாயும் இன்னிக்கு இருக்கிற ரூபாயும் ஒண்ணு இல்ல. அதனால ரூபாயை ரூபாயோட ஒப்பிட்டா ஏமாந்துடுவோம். நமக்கு ஒரு நல்ல அளவுகோல் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கு: நெல். டெல்டாவுல ஒரு செலவு பெருசா சின்னதான்னு பார்க்க, "இதுக்கு எத்தனை மூட்டை போடணும்?"னு கேட்கிற பழக்கம் இன்னும் இருக்கு. நாமளும் அப்படியே கேட்போம்.

நிமிஷம் காஸ்ட்லியா இருந்த காலம்

1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவுல இருந்து டெல்லியில இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம்கிட்ட செல்போன்ல பேசினார். இந்தியாவோட முதல் செல்போன் அழைப்புன்னு சொல்லப்படுறது இதுதான். அந்தக் காலத்துல பீக் நேரத்தில் ஒரு நிமிஷத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரைக்கும் கட்டணம். கூப்பிடுறவருக்கு மட்டும் இல்லை, அழைப்பை எடுத்துப் பேசுறவருக்கும் காசு போகும்.

இப்போ நெல் கணக்கு. 1995-96-ல மத்திய அரசு அறிவிச்ச குறைந்தபட்ச ஆதரவு விலை, சாதா ரக நெல்லுக்குக் குவிண்டால் 360 ரூபாய். அதாவது கிலோ 3 ரூபாய் 60 காசு. அப்படின்னா ஒரு நிமிஷப் பேச்சுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல நெல் போகணும். மூணு நிமிஷம் பேசினா 14 கிலோ.

இன்னிக்கு? 2025-26 பருவத்துல தமிழக அரசோட ஊக்கத்தொகையும் சேர்ந்து சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். கிலோ 25 ரூபாய். 28 நாள் அன்லிமிடெட் பேச்சு, தினமும் டேட்டா, எல்லாம் சேர்ந்த பேக் சுமார் 300 ரூபாய். நெல்லுல 12 கிலோ.

நல்லா கவனிங்க. அன்னிக்கு மூணு நிமிஷம் பேசின நெல்லை விடக் குறைஞ்ச நெல்லுக்கு இன்னிக்கு கிட்டத்தட்ட ஒரு மாசம் பேசலாம், படம் பார்க்கலாம், பணம் அனுப்பலாம். கடந்த முப்பது வருஷத்துல இவ்வளவு விலை இறங்கின பொருள் நம்ம வீட்டு பட்ஜெட்ல வேற எதுவும் இருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

"இவருக்கு எதுக்கு செல்லு?"

ஆரம்பத்துல சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு தனி வட்டம். 1999-ல ஏர்செல் தமிழ்நாடு வட்டத்துல சேவையை ஆரம்பிச்சது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடின்னு டவர் வந்தப்போ, முதல்ல யார் சட்டைப் பையில செல் தெரிஞ்சது? ரைஸ் மில் முதலாளி, நெல் வியாபாரி, கான்ட்ராக்டர், கட்சிக்காரர். மத்தவங்க கையில பார்த்தா ஊர் கேட்ட கேள்வி: "இவருக்கு எதுக்கு செல்லு?"

அந்தக் கேள்வியில கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் பொறாமை. ஆனா உள்ளே ஒரு நல்ல நிதிக் கேள்வியும் இருந்துச்சு: இந்தச் செலவு திருப்பி என்ன கொடுக்கும்?

மத்தவங்களுக்கு அன்னிக்கு பஸ் ஸ்டாண்ட் எஸ்டிடி பூத். ராத்திரியில கட்டணம் குறையும்னு அதுவரைக்கும் காத்திருந்து வரிசையில நிப்பாங்க. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் மாதிரி வெளிநாட்டுல ஆள் இருக்கிற ஊர்கள்ல இந்த பூத்துகள்தான் குடும்பத்தைச் சேர்த்து வெச்சது. கல்யாண பயோடேட்டாவுல, வேலை விண்ணப்பத்துல பக்கத்து வீட்டு போனை "பி.பி. நம்பர்"னு எழுதிக் கொடுப்போம். ஒரு தெருவுக்கே ஒரு நம்பர் போதுமா இருந்த காலம் அது.

பொண்ணுங்க விஷயத்துல கேள்வி இன்னும் கடுமை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு செல்லு?"ன்னு கேட்ட அதே வீடுகள்தான் இன்னிக்கு பெங்களூருல வேலை பார்க்கிற பொண்ணு ரெண்டு தடவை போன் எடுக்கலைன்னா பதறிப்போகுது. போன் அப்போ பயத்துக்குக் காரணம். இப்போ அதே போன்தான் தைரியம்.

மிஸ்டு கால்: நம்ம ஊர் பட்ஜெட் பள்ளிக்கூடம்

2003-ல பெரிய மாற்றம். இன்கமிங் இலவசம் ஆச்சு. ரிலையன்ஸ் அந்த வருஷம் 501 ரூபாய் முன்பணத்துல போன் கொடுக்க ஆரம்பிச்சது. நோக்கியா 1100-ம் அதே வருஷம்தான் வந்தது. தலையில குட்டி டார்ச் லைட்டோட வந்த அந்த போன், ராத்திரி வயலுக்குத் தண்ணி கட்டப் போறவங்களுக்குப் பேசுறதுக்கு மட்டும் இல்லை, வரப்பு பார்த்து நடக்கவும் உதவுச்சு.

இன்கமிங் இலவசம், அவுட்கோயிங்குக்குக் காசு. இந்த ரெண்டுக்கும் நடுவுல பிறந்ததுதான் மிஸ்டு கால். ஒரு ரிங்னா "பஸ் ஏறிட்டேன்". ரெண்டு ரிங்னா "வந்து சேர்ந்துட்டேன்". அடுத்தடுத்து மூணு தடவை வந்தா "நீ கூப்பிடு". வீட்டுக்கு வீடு இந்தப் பாஷை மாறும். பத்து ரூபாய் டாப்-அப்பை ஒரு வாரம் ஓட்டின தலைமுறை இது.

அப்புறம் விலை மளமளன்னு இறங்குச்சு. 2006 மார்ச்சில் பிஎஸ்என்எல் ஒன் இந்தியா திட்டத்துல நாடு முழுக்க நிமிஷம் ஒரு ரூபாய். அப்போ நெல் ஆதரவு விலை குவிண்டால் 570 ரூபாய். அதாவது நிமிஷத்துக்கு 175 கிராம் நெல். 2009-ல டாட்டா டோகோமோ நொடிக்கு ஒரு பைசான்னு வந்தது. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்த பிறகு பேச்சுக்குத் தனி விலைங்கிறதே போயிடுச்சு.

ஆனா இன்னிக்கும் ஊர்ல அப்பாவுக்கு போன் போட்டா, "சரிப்பா, வெச்சுடவா?"ன்னு ஒரு நிமிஷத்துல முடிப்பார். அன்லிமிடெட்னு அவருக்கும் தெரியும். நாலரைக் கிலோ நெல்லை விரல்ல எண்ணின பழக்கம் அது.

போன் சம்பாதிச்சுக் கொடுத்த இடங்கள்

"இந்தச் செலவு திருப்பி என்ன கொடுக்கும்?"ங்கிற கேள்விக்கு ரொம்பத் தெளிவான பதில் பக்கத்து மாநிலத்துல இருந்து வந்தது. 1997-ல இருந்து 2001 வரைக்கும் வட கேரளக் கடற்கரையில செல்போன் வந்தப்போ என்ன நடந்ததுன்னு ராபர்ட் ஜென்சன்ங்கிற பொருளாதார அறிஞர் ஆராய்ஞ்சு 2007-ல வெளியிட்டார். மீனவர்கள் கடல்ல இருந்தபடியே, எந்தக் கரையில மத்திக்கு நல்ல விலைன்னு போன்ல கேட்டு அங்கே போனாங்க. ஒரு கரையில மீன் விக்காம வீணாகி, பக்கத்துக் கரையில மீனே இல்லாத நிலைமை நின்னுபோச்சு. மீனவர்களோட லாபம் சராசரியா 8 சதவீதம் கூடுச்சு. வாங்குறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சது.

டெல்டாவுல கதை கொஞ்சம் வேற. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல விலை அரசு நிர்ணயிச்சது. அதனால விலை கேட்டுப் போன் பண்ண வேண்டியதில்லை. இங்கே போன் காப்பாத்துறது நேரத்தை. சென்டர் திறந்துட்டாங்களா? சாக்கு இருக்கா? ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணுமே, இன்னும் ஒரு நாள் காய வைக்கலாமா? மழை மேகத்தைப் பார்த்துக்கிட்டு அறுவடை மெஷின்காரர்கிட்ட "நாளைக்குக் காலையில வந்துடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியுறது, ஒரு வருஷ உழைப்பையே காப்பாத்தலாம்.

பம்புசெட்டுக்கே சிம் போட்டிருக்காங்க தெரியுமா? மொபைல் ஸ்டார்ட்டர்னு சொல்வாங்க. மும்முனை மின்சாரம் வர்ற நேரம் பார்த்து, ராத்திரி வயலுக்கு நடக்காம, வீட்டுல இருந்தே போன் பண்ணி மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். இதுக்கு அரசு மானியமும் கொடுத்திருக்கு. இதெல்லாம் சம்பாதிக்கிற செலவு, இல்லைன்னா நஷ்டத்தைத் தடுக்கிற செலவு.

உங்க போனுக்கும் இதே கேள்வி பொருந்தும். டெலிவரி வேலை, ஃபீல்டு சேல்ஸ், வீடியோ எடுக்கிற வேலைன்னா நல்ல போன் ஒரு தொழில் கருவி. ஆபீஸ்ல லேப்டாப் கொடுத்திருக்காங்க, போன்ல வாட்ஸ்அப்பும் யுபிஐ-யும் தான்னா, விலை கூடக் கூட அது உங்களுக்குச் சம்பாதிச்சுக் கொடுக்கப் போறது ஒண்ணும் இல்லை. ஆசைக்கு வாங்குறது தப்பே இல்லை. ஆனா அதை "தேவை"ன்னு பேர் மாத்தி எழுதாதீங்க.

இப்போ காஸ்ட்லி: கையில இருக்கிற கருவி

கொள்முதல் நிலையத்துல ஒரு சிப்பம் 40 கிலோ. கிலோ 25 ரூபாய்ன்னா ஒரு சிப்பம் சரியா 1,000 ரூபாய். இந்தக் கணக்கு மனசுல நல்லா நிக்கும். 60,000 ரூபாய் போன்னா 60 சிப்பம். அதாவது 24 குவிண்டால். நல்லா விளைஞ்ச ஒரு ஏக்கரோட மொத்த நெல்லும் போச்சு. அதுவும் உழவு, நடவு, உரம், அறுவடைக் கூலி எதையும் கழிக்கிறதுக்கு முன்னாடி!

நம்ம சம்பளத்துக்கும் இதே மாதிரி "கழிச்சது போக" பார்க்கணும். கைக்கு 28,000 ரூபாய் வர்றவருக்கு 5,000 ரூபாய் இஎம்ஐ கிட்டத்தட்ட 18 சதவீதம். ஆனா வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புறது எல்லாம் போக மிஞ்சுறது 8,000 தான்னா, அந்த இஎம்ஐ மிச்சத்துல பாதிக்கு மேல சாப்பிடுது. ரீசார்ஜ் 300 ரூபாய் சம்பளத்துல ஒரு சதவீதம்தான்.

போனோட உண்மையான மாசச் செலவு தெரியணுமா? விலையை, எத்தனை மாசம் வெச்சிருக்கப் போறீங்களோ அதால வகுங்க.

30,000 ரூபாய் போனை ரெண்டு வருஷத்துல மாத்தினா மாசம் 1,250 ரூபாய். அதே போனை நாலு வருஷம் வெச்சிருந்தா மாசம் 625 ரூபாய். வித்தியாசம் வருஷத்துக்கு 7,500 ரூபாய். ரீசார்ஜ்ல தேடித்தேடி மாசம் 30 ரூபாய் மிச்சம் பிடிச்சாலும் வருஷத்துக்கு 360 ரூபாய்தான். ஆப்பை நீக்கிட்டு, பேட்டரி மாத்தி, நல்ல கவர் போட்டு இன்னும் ஒரு வருஷம் ஓட்டுறது எந்த ரீசார்ஜ் ஆஃபரை விடவும் பெரிய ஆஃபர்.

அடுத்து "நோ காஸ்ட் இஎம்ஐ". பூஜ்ய வட்டின்னு ஒண்ணு உண்மையில கிடையாதுன்னு 2013-லயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. வழக்கமா நடக்கிறது இதுதான்: வங்கி வட்டி போடும், அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டுவாங்க. 30,000 ரூபாய் போன், 12 மாசம், 15 சதவீத வட்டின்னு வைங்க. உள்ளே இருக்கிற வட்டி சுமார் 2,300 ரூபாய். அது தள்ளுபடியில கழிஞ்சாலும் அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில: சுமார் 414 ரூபாய். பிராசசிங் கட்டணம் 199 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் சேர்ந்தா 235. ஆக மொத்தம் 650 ரூபாய் "நோ காஸ்ட்"டோட காஸ்ட். முழுப் பணம் கொடுத்தா கிடைச்சிருக்கக்கூடிய தள்ளுபடி தனி.

இதுக்கு மாத்து வழி, இஎம்ஐ-யை முன்னாடியே கட்டுறது. உங்களுக்கு நீங்களே. மாசம் 2,500 ரூபாய் ஆர்டி-யில 12 மாசம் போடுங்க. 6.5 சதவீத வட்டின்னா 30,000 ரூபாயோட கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் வட்டி வரும். 650 கொடுக்கிறதுக்குப் பதிலா 1,000 வாங்குறீங்க. இதை விடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு: 12 மாசம் கழிச்சுப் பணம் கையில வர்றப்போ அந்த போன் ஆசை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

எல்லாத்தை விடவும் காஸ்ட்லி: நம்பர்

இதுதான் நிறைய பேர் கவனிக்காதது. போன் தொலைஞ்சா வேற வாங்கலாம். நம்பர் போனா?

2018 பிப்ரவரியில தமிழ்நாட்டுல ஏர்செல் சிக்னல் திடீர்னு படுத்தது ஞாபகம் இருக்கா? அந்த மாசக் கடைசியில கம்பெனி திவால் மனு கொடுத்தது. வேற நெட்வொர்க்குக்கு மாறத் தேவையான குறியீட்டு எண்கூட வராம மக்கள் அலைஞ்சாங்க. பேங்க்கு, ஆதாருக்கு, கேஸுக்கு அந்த ஒரே நம்பரைக் கொடுத்து வெச்சவங்களுக்கு, நம்பர்ங்கிறது பேசுறதுக்கான எண் மட்டும் இல்லை, வீட்டுச் சாவின்னு அன்னிக்குப் புரிஞ்சது.

ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு இது இன்னும் முக்கியம். பிஎம் கிசான்ல வருஷம் 6,000 ரூபாய் மூணு தவணையா வருது. அதுக்கு இ-கேஒய்சி பண்ண ஒரு வழி, ஆதாரோட இணைச்ச நம்பருக்கு வர்ற ஓடிபி. பேங்க் மெசேஜும் அதே நம்பருக்குத்தான். அந்த சிம் ஒரு பழைய பட்டன் போன்ல, ரீசார்ஜ் இல்லாம, பூஜை அலமாரிக்குப் பக்கத்துல கிடக்கும்!

2003-ல இலவசமான இன்கமிங், 2018 கடைசியில குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்தப்போ மறுபடியும் காசுக்கு வந்துடுச்சுன்னே சொல்லலாம். "இன்கமிங் ஃப்ரீதானே"ன்னு அப்பா நம்பிக்கிட்டு இருப்பார். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லைன்னா சிம்மை முடக்கலாம், பிறகு அந்த நம்பர் வேற ஒருத்தருக்குப் போகலாம். அவர் பேங்க் ஓடிபி அந்த வேற ஒருத்தருக்கு வரும்னு நினைச்சுப் பாருங்க.

இதுக்குத் தீர்வு இருக்கு. டேட்டா தேவையில்லாதவங்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கொடுக்கணும்னு டிராய் 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டது. நீண்ட வேலிடிட்டியோட இப்படிப்பட்ட பேக்குகள் வந்துடுச்சு. அப்பாவுக்கு மாசாமாசம் டேட்டா பேக் போடுறதுக்குப் பதிலா அதைப் பாருங்க.

இன்னொரு எச்சரிக்கை. "உங்க வயல்ல டவர் போடுறோம், லட்சக்கணக்குல அட்வான்ஸ், மாசா மாசம் வாடகை. முதல்ல பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க"ன்னு போன் வரும். விளைச்சல் சரியில்லாத வருஷத்துல இந்த வார்த்தை வேலை செய்யும். டவர் போட டிராய் எந்தத் தடையின்மைச் சான்றும் தர்றதில்லை. அப்படி ஒரு காகிதம் காட்டிப் பணம் கேட்டா அது மோசடி. பணம் போயிட்டா உடனே 1930-க்கு கூப்பிடணும். இந்த நாலு இலக்கத்தை வீட்டுக் காலண்டர்லயே எழுதி வைங்க.

இந்த மாசம் செய்ய வேண்டிய அஞ்சு விஷயம்

1. உங்க போன் விலையை மாசத்தால வகுத்து ஒரு தாள்ல எழுதுங்க. பக்கத்துல ரீசார்ஜ் செலவையும் எழுதுங்க. எதை எண்ணணும்னு அந்தத் தாளே சொல்லும்.

2. அடுத்த போனுக்கு இன்னிக்கே ஆர்டி ஆரம்பிங்க. ஓடுற இஎம்ஐ முடிஞ்சதும் அதே தொகையை அதே தேதியில ஆர்டி-க்குத் திருப்பிடுங்க.

3. சஞ்சார் சாத்தி தளத்துல போய் உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு பாருங்க. தெரியாத நம்பர் இருந்தா அங்கேயே புகார் கொடுக்கலாம். தொலைஞ்ச போனை முடக்குற வசதியும் அதுலயே இருக்கு.

4. அப்பா அம்மாவோட ஆதார், பேங்க், பிஎம் கிசான் மூணும் எந்த நம்பர்ல இருக்குன்னு கேளுங்க. அந்த நம்பரோட வேலிடிட்டி முடியுற தேதியை உங்க போன்ல ரிமைண்டர் போடுங்க. அந்த ரீசார்ஜை நீங்களே பண்ணுங்க.

5. ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுங்கிறதை அவங்களுக்கு ஒரு தடவை பொறுமையா சொல்லுங்க. "யாராவது கேட்டா, என் பையன்கிட்ட, பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லி வெச்சுடுங்க"ன்னு ஒரு வரி கத்துக்கொடுத்தா போதும்.

நிமிஷத்தை எண்ணின நம்ம பெரியவங்க முட்டாள்தனம் எதுவும் பண்ணலை. அன்னிக்கு எது நெல்லைத் தின்னுச்சோ அதைச் சரியா எண்ணினாங்க. நாமளும் அதையே செய்வோம். இன்னிக்கு நெல்லைத் தின்னுறது கருவி. காவல் காக்க வேண்டியது நம்பர். பேச்சுதான் இப்போ மலிவு. அதனால அப்பா "வெச்சுடவா?"ன்னு கேட்டா, "இருங்கப்பா, காசு ஆகாது"ன்னு சொல்லி இன்னும் பத்து நிமிஷம் பேசுங்க.

இந்த நெல் கணக்கை நம்ம சேனல் வீடியோவுலயும் விளக்கியிருக்கோம். போன் வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கிற நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த கட்டுரையில சந்திப்போம்.